வலம்புரிச் சங்கும் காந்தமும்

பாசிர் ரிசிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போக எனக்கு ஒன்றரை மணி நேரமாகும். எம்ஆர்டி பாதையின் ஒரு கோடியிலிருந்து கிட்டத்தட்ட மறுகோடிக்கு. சென்ற தீபாவளிக்கு வந்த பெரியம்மா, “இவ்வளவு தூரம் போய் என்னம்மா படிக்கிறே?” என்றார். “காந்தம், பெரியம்மா.” “அதுக்கு வேலை கிடைக்குமா?”

அன்று சொல்ல வராததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு உண்டு. ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதாகாது. சில படிகங்களின் அணு அடுக்கும் அப்படித்தான். அவற்றுள் ஒன்றான மாங்கனீஸ் சிலிசைடை ஏறத்தாழ மைனஸ் 244 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தால், உள்ளே இருக்கும் அணுக்காந்தங்கள் சுழற்படிக்கட்டுபோல முறுக்கிக்கொள்கின்றன. ஒரு முழுச் சுற்று சுமார் 18 நானோமீட்டர்தான்.

இதைக் காட்டிக்கொடுப்பது நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் அது உலோகத்துக்குள் ஆழமாகப் புகும். ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், உள்ளிருக்கும் காந்த அடுக்கு அதைத் திசைதிருப்பும். எங்கெங்கே சிதறி விழுகிறது என்று பார்த்து அடுக்கைக் கணிக்கலாம். மியூனிக் அருகிலுள்ள ஆய்வு அணு உலையில் செய்த சோதனையில், காந்தப்புலம் கொடுத்தபோது ஆறு புள்ளிகள் தெரிந்தன. காந்தச் சுழல்கள் தேனடை அறைகள்போல அணிவகுத்திருப்பதன் அடையாளம் அது. 2009ல் வெளியான அந்த முடிவு இத்துறையையே புரட்டிப்போட்டது. அச்சுழல்களுக்கு ‘ஸ்கிர்மியான்’ என்று பெயர்.

2017ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக, ஏ*ஸ்டார் ஆய்வாளர்கள், இரிடியம், இரும்பு, கோபால்ட், பிளாட்டினம் படலங்களை அடுக்கி, ஸ்கிர்மியான்களை அறை வெப்பநிலையிலேயே உருவாக்கினர். குறைந்த மின்சக்தியில் தகவல் சேமிக்க இவை உதவலாம். பெரியம்மாவின் கேள்விக்கு இது பாதிப் பதில்.

மீதிப் பாதிதான் சிக்கல். சிங்கப்பூரில் ஆய்வு அணு உலை இல்லை. நியூட்ரான் வேண்டுமென்றால் சிட்னியின் ஓபல் உலைபோன்ற இடங்களுக்கு விண்ணப்பித்து, கிடைக்கும் சில நாள்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும். இளநிலை மாணவருக்கு அந்த வாய்ப்பு அரிது. வங்கி, மென்பொருள் வேலைப் பயிற்சிக்கு இருக்கும் ஆதரவில் கொஞ்சம் இதற்கும் கிடைக்கட்டும் என்பதே என் கருத்து. தமிழ் அமைப்புகளின் கல்வி நிதிகளும் இதை யோசிக்கலாம். என் வகுப்பில் என்னையும் சேர்த்து இரண்டே தமிழ் மாணவர்கள்.

பயணம் வீண்போகாது என்பதற்கு பி.கே. ஐயங்கார் சாட்சி. 1950களில் கனடாவின் சாக் ரிவர் சென்று, பின்னாளில் நோபெல் பெற்ற பிராக்ஹவுசிடம் நியூட்ரான் சிதறல் கற்றார். திரும்பிவந்து, மும்பை டிராம்பேயில் அத்துறையை வளர்த்தார்.

சிட்னிக்கு நானும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். விமானச் செலவைப் பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.