யாமத்துக்கு ஏற்ற வெளிச்சம்

காரின் பயணக் கணினித் திரைக்குப் பின்னொளியை விருப்பப்படி மாற்றிக்கொள்வது பலருக்கு ஒரு மோகமாகிவிட்டது. பழைய வண்டிகளில் சிறு பல்பைக் கழற்றி நீல எல்.இ.டி. பொருத்துகிறார்கள், புதியவை சிலவற்றில் திரையிலேயே நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரசனை அவரவர் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கிய மூவருக்கு 2014இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு இரவில் ஏறுகிறவர்கள், அந்த ஒளியை வெளியே நிற்கும் இருளையும் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது நம் கட்சி.

மலைப்பாதையில் முகப்பு விளக்கு நேராகப் பார்க்கிறது. சாலையோ வளைந்து போகிறது. வளைவின் ஓரத்தை அரையிருளில் கண்தான் துழாவியாக வேண்டும். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. அவற்றின் கருத்த உடல் இருளில் கரைந்துவிடும்; கால்களின் வெண்மை மட்டுமே கண்ணில் படக்கூடும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் கோல் செல்கள் நீலப்பச்சை ஒளியை மிகுதியாக உணர்பவை. ஆழ்ந்த சிவப்பை ஏறத்தாழ உணராதவை. வலிய ஒளிபட்டு மங்கிய பிறகு அவை முழுமையாக மீள அரைமணி நேரம் ஆகலாம். முகப்பு விளக்கு எரிகையில் அம்முழுமை எப்படியும் வாய்க்காது என்பது உண்மையே. அதற்காக எஞ்சியிருப்பதையும் இழப்பானேன்?

சிவப்பே தீர்வு என்றும் நாம் வாதிடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானி அறைகளில் செவ்வொளி வைத்தார்கள். வரைபடத்தின் நிறங்கள் அதில் சரியாகத் தெரியாமையால், பின்னர் மங்கிய வெள்ளொளியும் வழக்கத்துக்கு வந்தது. நிறத்தோடு அளவும் முக்கியம் என்பதே இதில் பாடம். சுவீடனின் ஸாப் நிறுவனம் 1990களில் தன் கார்களில் ‘நைட் பேனல்’ என்றொரு பொத்தான் வைத்தது. அழுத்தினால் வேகமானி தவிரப் பெரும்பாலானவை இருண்டுவிடும். எச்சரிக்கை தேவைப்பட்டால் உரியது மட்டும் ஒளிரும். அலங்காரத்தை விடவும் அடக்கத்தில் ரசனை கண்டவர்கள் அவர்கள்.

குறிஞ்சிக்குச் சிறுபொழுதாக யாமத்தை வகுத்தது தொல்காப்பியம். மலையின் இரவுக்கென்று ஓர் இயல்பு உண்டு என்பதை நம் மரபு என்றோ கண்டுகொண்டிருக்கிறது. நண்பர்கள் தாராளமாக நிறம் மாற்றிக்கொள்ளட்டும். அடிவாரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த ஒளியைக் குறைத்துவிட்டு மலையேறட்டும்.