வைத்தியத்துக்கு ஊருக்குப் போகிறீர்களா?



பிள்ளைக்குக் காது குத்த மூன்று மாதம் முன்பே நாள் பார்க்கிறோம். பந்தலுக்கு யார், சமையலுக்கு யார் என்று பேசி முடிக்கிறோம். ஆனால் வைத்தியத்துக்குத் தமிழ்நாடு போவதென்றால், ஒரே வாரத்தில் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்துவிடுகிறோம். "அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க, செலவும் கம்மி" என்று பக்கத்து வீட்டில் சொன்னால் போதும், பெட்டி கட்டியாகிவிடும்.

அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1900-இல் தொடங்கியது. 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகம் அறிந்தது. சொந்த மொழியில் நோவைச் சொல்ல முடிவதும் பெரிய ஆறுதல்தான். ஆகவே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே முடிக்க வேண்டியதை முடிக்காமல் போகாதீர்கள் என்கிறேன்.

முதலில், நோய் என்னவென்று இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், குடிமக்கள் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். இருதய நோய்க்குக் கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இருக்கிறது. நாம் சென்னைக்கு ஓடுகிறோம். சுமத்திராவின் மேடானிலிருந்து மக்கள் வைத்தியத்துக்குப் பினாங்கு வருகிறார்கள்! அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், தேதி தள்ளிப் போகிறது என்பது உண்மை. "அந்தத் தேதி வரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வேலையில் பட்ட காயமானால் சொக்சோ வழியாகச் சிகிச்சை இலவசம். அந்த உரிமையை விட்டுவிட்டுக் கடன் வாங்கி விமானம் ஏறுவானேன்?

அடுத்தது கடுதாசி. ரிப்போர்ட், எக்ஸ்ரே, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றையும் முன்கூட்டியே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆபரேஷன், வார்டு, மருந்து எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுத் தொகையை நம்பாதீர்கள். இந்தியாவுக்கு மருத்துவ விசா தனியாக உண்டு. துணைக்குப் போகிறவருக்கும் அதற்கான விசா உண்டு. இ.பி.எஃப். பணத்தை நம்பியிருந்தால், உங்கள் நோய்க்கும் வெளிநாட்டு வைத்தியத்துக்கும் எடுக்க முடியுமா என்று போவதற்கு முன்பே அவர்கள் அலுவலகத்தில் கேளுங்கள். "கிட்னி வாங்கித் தர்றேன்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறுப்பை விற்பதும் வாங்குவதும் இந்தியாவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவது, லீவு. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். "மண்டோர்கிட்ட சொல்லிட்டேன்" என்றால் போதாது. அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருத 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இடம் தருகிறது. அங்கே டாக்டர் தரும் சீட்டை இங்கே நிர்வாகம் ஏற்காமல் போகலாம். ஆகவே வருட லீவு எத்தனை நாள், சம்பளமில்லா லீவு எத்தனை நாள் என்று மனு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். துணைக்குப் போகும் கணவனோ மனைவியோ தோட்டத்தில் வேலை செய்தால் அவருக்கும் தனி மனு வேண்டும். உடம்பு தேறி வந்து வேலை போய்விட்டால், அடகு நகையை யார் மீட்பது?

கடைசியாக, திரும்பி வரும் பயணம். ஆபரேஷன் ஆன கையோடு விமானம் ஏறக் கூடாது; எத்தனை நாள் கழித்து ஏறலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். செய்த சிகிச்சையின் முழு விவரத்தையும் எழுத்தில் வாங்கி வாருங்கள். மருந்துக்கு அங்கே ஒரு கம்பெனிப் பெயர், இங்கே வேறு பெயர். அதனால் மருந்தின் மூலப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தையல் பிரிப்பதும் பிறகு வரும் காய்ச்சலைப் பார்ப்பதும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிதான். அங்கே நடந்தது தெரியாமல் இவர்கள் எப்படி வைத்தியம் பார்ப்பார்கள்?

டிக்கெட் எடுக்கும் முன் கிளைச் செயலாளரைப் பாருங்கள். லீவு மனுவை எழுதித் தருவது சங்கத்தின் வேலை, தயங்காமல் கேளுங்கள்.