கூண்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, அந்தச் செய்தி தமிழ் பேசும் ஊர்களிலெல்லாம் கைபேசிக்குக் கைபேசி தாவியது. பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியில் அவர் ஓட்டிய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நின்ற காணொளி அதைவிட வேகமாகப் பரவியது. கார் நொறுங்கியிருந்தது. அவர் இறங்கி நடந்து வந்தார்.

சிலாபத்திலோ புத்தளத்திலோ ஒரு கராஜில் வேலை பழகும் இளைஞன் இதைப் பார்த்துவிட்டுக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: நம்மைப் போன்றவர்கள் இப்படி ஓட எவ்வளவு செலவாகும்? கேட்பவனைச் சிரித்து அனுப்பிவிடாமல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. கணக்கில் குறைக்கக்கூடிய செலவுகள் பல உண்டு. குறைக்கவே கூடாதவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் பந்தயம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டது.

நெடுநேரப் பந்தயத்தின் அடிப்படை எளிது. ஒரே காரை மூன்று நான்கு பேர் முறை வைத்து ஓட்டுகிறார்கள். எரிபொருள் நிரப்ப, ரயர் மாற்ற, ஆள் மாற வரும்போது மட்டும் கார் நிற்கிறது. மஹகஸ்தோட்டையில் 1934 முதல் நடந்துவரும் மலையேற்றப் போட்டியில் ஒரு ஓட்டம் தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடும். அதற்காகக் காரை நுவரெலியா வரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நெடுநேரப் பந்தயத்தில் ஒரு காரின் செலவு நான்கு பேருக்குப் பிரிகிறது, ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் ஓட்டக் கிடைக்கிறது. ஓட்டும் நேரத்துக்குக் கொடுக்கும் காசைப் பார்த்தால், சாதாரண மனிதனுக்கு இதைவிட மலிவான கார்ப் பந்தய வகை இல்லை.

எரிபொருளை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சீசீ நிசான் மார்ச் ஒன்றைப் பந்தய வேகத்தில் மிதித்து ஓட்டினால் மணிக்குப் பன்னிரண்டு லீற்றர் குடிக்கும் என்று வைப்போம். எட்டு மணிநேரத்துக்கு 96 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் 28,800 ரூபாய்; தலைக்கு 7,200. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டி ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கிய நாட்களை மறக்காதவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஐந்து வாரப் பங்கு. விளையாட்டுக்காக இவ்வளவு எரிக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் ஒரு கிரிக்கெட் அணியை வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போய் ஒரு பருவம் விளையாடி வந்தாலும் இதற்குக் குறையாத எரிபொருள் தீரும்.

காரின் விலைதான் அடுத்த சுமை. அமெரிக்காவில் ஜே லாம் என்ற மோட்டார் பத்திரிகையாளர் 2006 இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத் தொடரின் புகழ்பெற்ற விதி, கார் 500 டொலருக்கு மேல் போகக் கூடாது என்பது. பாதுகாப்புச் சாமான்களும் பிரேக்கும் ரயரும் அந்த 500 இல் சேராது. பழங்கார்களை வைத்துக்கொண்டு கராஜ்காரர்களும் அலுவலக ஊழியர்களும் சனி, ஞாயிறுகளில் ஓடும் பெரிய இயக்கமாக அது வளர்ந்தது. பின்லாந்திலும் சுவீடனிலும் நடக்கும் ஃபோக்ரேஸ் பந்தயங்களில் இதைவிடக் கூர்மையான விதி இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் எந்தக் காரையும் நிர்ணயித்த ஒரே விலைக்கு வேறொருவர் கேட்டு வாங்கலாம். விற்க மறுத்தால் ஓட்டுபவரின் அனுமதி பறிபோகும். ஐந்து மடங்கு செலவழித்து எஞ்சினைத் தேற்றியவன் அதைக் கட்டாய விலைக்கு இழக்க நேரிடும் என்பதால் யாரும் அளவுக்கு மீறிச் செலவழிப்பதில்லை.

இந்த 500 டொலர் விதியை அப்படியே இலங்கைக்குக் கொண்டுவர முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது லீசிங் கட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். 500 டொலருக்குச் சமமான ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு இங்கே ஓடுகிற கார் கிடைக்காது. நமக்குப் பொருந்துவது ஃபோக்ரேஸ் விதிதான். விலையை இந்நாட்டுச் சந்தைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். கட்டாய விற்பனையை மட்டும் விடக் கூடாது.

மலிவான காரிலிருந்து பெரிய ஓட்டுநர்கள் வரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் கோயம்புத்தூரைப் பார்க்கச் சொல்லலாம். எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் சின்ன எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஓடத் தொடங்கியவர்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் அவர். பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றின் கதவை உள்ளூர்க் கராஜில் கிடைக்கும் எஞ்சின் திறந்தது. இலங்கையிலும் நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர், மினி எனச் சின்னக் கார்களுக்கென வகுப்புகள் இருக்கின்றன. பார்ட்ஸ் தேடிக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக்கு ஒரு பஸ் பயணம் போதும். இந்தச் சின்னக் கார்களை மணிக்கணக்கில் ஓட விடுவதுதான் அடுத்த படியாக இருக்க வேண்டும்.

இனி, குறைக்கக் கூடாதவை.

பந்தயக் காருக்குள் இருக்கும் எஃகுக் கூண்டுக்கு உலக மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ அளவு வகுத்திருக்கிறது. குளிர்முறையில் இழுத்த, இணைப்புக் கோடில்லாத எஃகுக் குழாய் வேண்டும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 விட்டமும் 2 தடிப்பும் கொண்டிருக்க வேண்டும். கூண்டின் கால் ஊன்றும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் கொண்ட தகடு காரின் உடலோடு வெல்டிங் செய்யப்பட வேண்டும். கேற் செய்யும் குழாயில் ஒரு கூண்டு கட்டிப் பெயின்ட் அடித்தால் வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கார் உருளும்போது குழாய் இணைப்புக் கோட்டில் பிளந்து ஓட்டுபவர் மேல் மடியும்.

புத்தளம் கரையில் இதற்கு இன்னொரு எதிரி இருக்கிறது. உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் உப்பளங்களும் இறால் பண்ணைகளும். தென்மேல் பருவக்காற்று கற்பிட்டித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து வீசும் மாதங்களில் காற்றே உப்புக் கரிக்கும். இந்தக் காற்றில் பத்து இருபது ஆண்டு நின்ற காரின் தரைத்தகட்டைக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலே பளபளப்பு, கீழே கறள் தின்ற ஓட்டை, அதன் மேல் புட்டி. ஆசனம் பிணைந்திருக்கும் இடமும் ஆசனப்பட்டியின் ஆணி இறங்கும் இடமும் கூண்டின் கால் ஊன்றும் இடமும் இந்தத் தரைத்தகடுதான். கறள் பிடித்த தகட்டில் எவ்வளவு உயர்ந்த கூண்டை நட்டாலும், மோதும்போது கூண்டு முழுசாக இருக்கும், கால்கள் தகட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

இங்கேதான் உள்ளூர் டின்கர் பாஸ்மாரின் அனுபவத்துக்கு விலை இருக்கிறது. சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே தகட்டின் உயிரைச் சொல்லக்கூடியவர்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள். ஒரு பந்தயத்தின் தொழில்நுட்பப் பரிசோதனைக் குழுவில் இவர்களுக்கு இடம் தராமல், கொழும்பிலிருந்து ஒருவர் வந்து தாளில் சரி போட்டுவிட்டுப் போவது போதாது. வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் கூலி, பல வேளைகளில் அந்தப் பழைய காரின் விலையையே நெருங்கும். அதைச் செலவழிக்க முடியாவிட்டால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.

ஓட்டுபவரின் உடலோடு சேர்ந்த சாமான்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். எஃப்ஐஏ முத்திரையுள்ள ஆசனப்பட்டியின் ஆயுள் ஐந்து ஆண்டுதான். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் கட்டாயம். தீ தாங்கும் உடை, தலைக்கவசம், காருக்குள் தீயணைப்பான் எல்லாம் சேர்த்தால் செலவு எளிதில் எஞ்சினின் விலையைத் தாண்டும். இதே கரையின் வென்னப்புவ, மாரவில பகுதிகளில் இத்தாலியில் உழைக்கும் ஓர் உறவினராவது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தகைய சாமான்களைச் செய்யும் உலகப் புகழ்பெற்ற ஸ்பார்கோ, ஓஎம்பி ஆகிய நிறுவனங்கள் அந்த நாட்டிலேயே இருக்கின்றன. ஊருக்கு வரும் அண்ணன் பெட்டியில் ஒரு பட்டித் தொகுதியும் ஒரு தலைக்கவசமும் வைத்துக்கொண்டு வரலாம். ஆனால் அங்கே காலாவதியானது என்று கழித்துப்போட்டதை மலிவு என்று இங்கே கொண்டுவந்து தம்பியின் தோளில் மாட்டக் கூடாது.

எங்கே ஓடுவது? இப்போது புத்தளம் மாவட்டத்துக் கார் ஒன்று கட்டுக்குருந்தைப் பந்தயத் திடலுக்குப் போக வேண்டுமென்றால் கொழும்பையும் தாண்டி களுத்துறை மாவட்டம் வரை கார் கெரியர் வாடகை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுக்குருந்தைத் திடல் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத் தளம். அதே போர்க்காலத்தில் அதே கடற்படை புத்தளத்திலும் ஒரு தளம் வைத்திருந்தது. அங்கே உகுஸ்ஸா, இங்கே ராஜாளிய என்று இரண்டுக்கும் பறவைப் பெயர்கள். புத்தளத்துத் தளம் இன்று பாலாவியில் விமானப்படையின் கையில் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதைதான் பல பத்தாண்டுகள் பந்தயத் திடலாக இருந்தது. ஓடுபாதை சமதளம், மரமில்லை, பள்ளமில்லை, வழுக்கிப் போகும் காருக்கு இடமுண்டு, பார்வையாளரைத் தொலைவில் நிறுத்தலாம். பாலாவி விமானப்படையின் பயன்பாட்டில் உள்ள இடம் என்பதால், ஆண்டில் இரண்டு நாள் அனுமதி கேட்பதே நியாயமான அளவு. கற்பிட்டி மணல்மேடுகளிலும் வில்பத்து எல்லையிலும் பந்தயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நிலம் கார்ச் சக்கரத்தைத் தாங்காது.

பார்வையாளர் தொலைவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த பந்தயம் அது. நுழைவு இலவசம் என்பதால் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அன்று உயிரிழந்தவர்களில் யாரும் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். பந்தயச் செலவு என்று பேசும்போது ஓட்டுபவரின் பணப்பையை மட்டும் பார்த்தால் இந்த ஏழு பேரும் கணக்கில் வராமல் போய்விடுவார்கள்.

ஆகவே போட்டியாளருக்கான நுழைவுக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்பது தவறான கோரிக்கை. தடுப்புவேலி, அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பயிற்சி பெற்ற கொடிக்காரர்கள், மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஆகிய ஐந்துக்கும் ஆகும் செலவை ஏற்பாட்டாளர் வரி வரியாக எழுதிப் பந்தயத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். கட்டணம் அந்தத் தாளிலிருந்து வர வேண்டும். பார்வையாளரிடமும் ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். வேலிக்கு உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதற்காவது அந்தச் சீட்டு உதவும். அனுசரணையாளர்களின் பணம் வெற்றிக் கோப்பைக்கும் மேடைக்கும் போவதற்கு முன் வேலிக்குப் போக வேண்டும். இதை மேற்பார்வை செய்யும் கடமை நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பான ஸ்ரீலங்கா ஆட்டோமொபைல் ஸ்போர்ட்ஸுக்கும் விளையாட்டு அமைச்சுக்கும் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு 24 மணிநேரம் தேவையில்லை. லெமன்ஸ் பந்தயங்களே பெரும்பாலும் இரண்டு பகல்களாகப் பிரித்துத்தான் ஓடப்படுகின்றன. பருவக்காற்று எழுவதற்கு முந்திய பெப்ரவரி, மார்ச்சில், வெளிச்சத்திலேயே நான்கு மணிநேரம், இருபது கார்கள் போதும். பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பே புத்தளத்திலும் சிலாபத்திலும் ஒவ்வொரு நாள் வைத்துக் கம்பளத்தைத் தூக்கித் தகட்டைப் பார்க்க வேண்டும், கூண்டின் குழாயில் சிறு துளையிட்டுத் தடிப்பை அளக்க வேண்டும். தேறாத காருக்கு நுழைவுக் கட்டணத்தை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டிய காசு போய்விடுமே என்ற பயத்தில்தான் கறளுக்கு மேல் புட்டி பூசப்படுகிறது.