2600 என்று அடித்தாலும் டோஸ் சொல்லும் ஆப்

ராத்திரி எட்டு மணி. சாப்பிடும் முன் பார்த்தால் அப்பாவுக்கு சுகர் 260. டாக்டர் போனை எடுக்கவில்லை. காலேஜ் படிக்கும் மகன் 'இன்சுலின் கால்குலேட்டர்' என்று தேடி, முதலில் வந்த ஆப்பை இறக்கி, நாலு கட்டத்தை நிரப்பிவிட்டு "9 யூனிட் போடணும்ப்பா" என்கிறான். எல்லாம் ரெண்டே நிமிஷம். பேங்கில் அக்கவுண்ட் ஆரம்பிக்கப் போனால் கூட இதைவிட அதிகம் கேள்வி கேட்பார்கள்!

கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. 260லிருந்து இலக்கு 120ஐக் கழித்து, ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையை இறக்கும் என்ற எண்ணால் (50 என்று வையுங்கள்) வகுத்தால் 2.8. சாப்பாட்டில் 60 கிராம் மாவுச்சத்து, 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்றால் 6. ஆக 8.8. (ஆப்பில் இட்லி எல்லாம் ஒரே சைஸ்தான். வீட்டு இட்லி, ஹோட்டல் இட்லி வித்தியாசம் அதற்கு எங்கே தெரியப் போகிறது?) சரி, அந்த 50ம் 10ம் எங்கிருந்து வந்தன? அவை ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆப்பில் ஏற்கனவே இருக்கும் எண்ணே அப்பாவின் எண் ஆகிவிடும்.

பத்து மணிக்குத் திரும்பப் பார்த்தால் 240. ஆப்பில் போட்டால் இன்னொரு டோஸ் சொல்கிறது. எட்டு மணிக்குப் போட்ட ஊசி உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அது கேட்கவே இல்லை. வேகமான இன்சுலின் கூட நாலு மணி நேரம் வரை இழுக்கும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் நடுராத்திரியில் சர்க்கரை சரிந்து வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். பக்கத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

2015ல் லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 46 ஆப்களைச் சோதித்து பிஎம்சி மெடிசின் இதழில் எழுதினார்கள். 42 ஆப்கள் உள்ளே போடும் எண் சரியானதா என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை. எந்த சூத்திரத்தில் கணக்குப் போடுகிறோம் என்று காட்டியவை வெறும் 14. தப்பான டோஸ் சொல்லக்கூடியவை 31. குறையே இல்லாதது? ஒன்றே ஒன்று!

டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் அக்கவுண்ட்ஸ் சாப்ட்வேர் ஒரு வவுச்சரைக் கூட சேவ் பண்ண விடாது. பத்து ரூபாய்க்கு இருக்கும் அக்கறை ஊசிக்கு இல்லை. 260க்குப் பதில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்து 2600 ஆனால், மேலே சொன்ன கணக்கில் சர்க்கரையை இறக்க மட்டும் 49.6 யூனிட் வரும். சாதாரண குளுக்கோமீட்டர் 600ஐத் தாண்டினாலே எண் காட்டாமல் 'ஹை' என்று சொல்லிவிடும்.

'2015 பழைய கதை, இப்போது திருந்தியிருப்பார்கள்' என்பார்கள். இருக்கலாம். எது திருந்தியது என்று இறக்குகிறவனுக்கு எப்படித் தெரியும், நட்சத்திரத்தை எண்ணியா? இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவத்துக்கான சாப்ட்வேரும் மருத்துவக் கருவி என்ற சட்ட வரையறைக்குள் வந்துவிட்டது. ஆப்பை இறக்கும்போது அதை யார் தேடிப் பார்க்கிறார்கள்?

'மனக்கணக்கை விட ஆப் மேல்' என்ற வாதம் மட்டும் நியாயமானது. இன்சுலின் பம்புகளில் இதே கால்குலேட்டர் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் அதில் எண்களை டாக்டர் போட்டுக் கொடுக்கிறார், முந்தைய டோஸ் தானாகக் கழிகிறது. அப்படிப்பட்ட ஆப்போடு யாருக்கும் சண்டை இல்லை. 'தகவலுக்கு மட்டும்' என்று கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் 9 யூனிட் என்று சொல்லும் ஆப்போடுதான் சண்டை.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா காட்ரிட்ஜில் வருவது 100. பேனா ரிப்பேர் என்று காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி (40) சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஆப் சொன்ன 10 சரிதான்! எந்த சிரிஞ்ச் என்று அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புது ஆப் இறக்கினால் முதலில் 2600 என்று அடித்துப் பாருங்கள். டோஸ் சொன்னால் டெலிட். திட்டினால் மட்டும், டாக்டரிடம் போய் அப்பாவுக்கான அந்த இரண்டு எண்களையும் சீட்டில் எழுதி வாங்கி வரலாம்.