செல்வந்தர் குன்றில் அகதிகளின் கல்லறைகள்

கொழும்பில் நீண்டகாலம் பத்திரிகையாளனாகத் தொழில் புரிந்த ஒருவனுக்கு ஏழு என்ற இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. கொழும்பு 7 என்றால் கறுவாத்தோட்டம். நிழல் மரங்கள், அகன்ற வீதிகள், உயர்ந்த மதில்கள், மதிலுக்குப் பின்னால் தூதுவர்களும் அமைச்சர்களும். செய்திக்காக அந்த மதில்களுக்கு வெளியே நான் காத்துநின்ற மணித்தியாலங்களைக் கூட்டினால் சில மாதங்கள் தேறும். 2019ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சுவிற்சர்லாந்து சென்றிருந்தபோது, சூரிச் நகரத்தின் வசதிமிக்க பகுதியும் ஏழாம் இலக்கத்தையே தாங்கியிருக்கின்றது என்பதை அறிந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சூரிச் நகரம் பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புளுன்ரேர்ன், ஹொட்டிங்கன், ஹிர்ஸ்லாண்டன், விற்றிக்கோன் ஆகிய நான்கு பகுதிகள் சேர்ந்தது ஏழாம் வட்டாரம். அதன் முதுகெலும்பாக இருப்பது சூரிச்பேர்க் என்ற குன்று. கடல் மட்டத்திலிருந்து 676 மீற்றர் உயரம். ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களும் கமக்காரர் வீடுகளுமாக இருந்த சரிவு அது. 1893ஆம் ஆண்டு ஜனவரியில் பதினொரு அயற்கிராமங்கள் சூரிச் நகரத்துடன் இணைக்கப்பட்டபோது இந்தச் சரிவும் நகரமாயிற்று. மாலை வெயில் விழும் பக்கம் என்பதாலும், கீழே ஏரியும் தொலைவில் பனிமலைகளும் தெரியும் என்பதாலும் பணம் படைத்தோர் மேலே ஏறினார்கள். தொழிலாளர்கள் கீழே, ரயில் பாதைக்கு அப்பாலிருந்த ஆவுசர்சீல் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1896இல் இத்தாலியத் தொழிலாளர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்ததும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான்.

என்னைக் குன்றுக்கு அழைத்துச் சென்றவர் எனது பெரியம்மாவின் மகன். 1986இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட அண்ணர். முதலில் உணவகமொன்றின் சமையலறையில் கோப்பை கழுவினார். பின்னர் துப்புரவு வேலை. இருபது வருடங்களுக்கு மேலாக அதிகாலை முதல் ட்ராம் வண்டியில் ஏறி இந்தக் குன்றின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்திருக்கிறார். ஆறாம் இலக்க ட்ராம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது யன்னலால் கையைக் காட்டிச் சொன்னார்:

“தம்பி, இந்தத் தரிப்பிலைதான் நான் இறங்கிறனான். ஆனால் இந்த மரங்களை இப்பதான் வெளிச்சத்திலை வடிவாப் பாக்கிறன்.”

அவர் வேலைக்கு வரும்போது இருட்டு. முடித்தவுடன் அடுத்த வேலைக்குக் கீழே ஓடவேண்டும். ஒரு ஊரின் ஒவ்வொரு படிக்கட்டையும் கழுவித் துடைத்த மனிதருக்கு அந்த ஊரின் முகம் தெரியாமல் போயிருக்கிறது.

சூரிச்பேர்க்கில் செல்வம் தன்னை உரத்துக் காட்டிக்கொள்வதில்லை. கறுவாத்தோட்டத்தைப் போல உயர்ந்த மதில்களும் காவலாளிகளும் கண்ணில் படவில்லை. செடிவேலிகள், பழைய மரங்கள், பெயர்ப்பலகையில் முதலெழுத்துகள் மாத்திரம். உலக உதைபந்தாட்டச் சங்கமான ஃபீஃபாவின் தலைமையகம் 2007இல் இந்தக் குன்றின்மீது திறக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கின்றது. 1899இல் திறக்கப்பட்ட டொல்டர் ஹோட்டல் தன் கோபுரங்களுடன் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கின்றது. ஆயினும் அதற்கு ஏறிச் செல்லும் பற்சக்கர ரயிலில் எவரும் சாதாரண பயணச்சீட்டுடன் ஏறலாம்.

அண்ணரை ஆச்சரியப்படுத்திய விடயம் வேறு. வீடுகள் முடியும் இடத்தில் காடு தொடங்குகின்றது. வேலி இல்லை, கதவு இல்லை. 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியல் சட்டக்கோவையின் 699ஆவது பிரிவு, காடுகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் எவரும் செல்லலாம் என்று கூறுகின்றது. நிலம் யாருக்குச் சொந்தமானாலும் நடந்து போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. “நான் இவ்வளவு காலமும் இது வீட்டுக்காரற்ரை காடு எண்டெல்லோ நினைச்சன்” என்றார் அவர். சட்டம் நூறு வருடங்களுக்கு முன்னரே கொடுத்துவிட்ட உரிமையை, அங்கு முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்த ஒருவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் எவரிடமும் கேட்கவில்லை.

ட்ராம் பாதை முடியும் இடத்தில் மிருகக்காட்சிச்சாலை. அதற்கு அருகே புளுன்ரேர்ன் மயானம். அங்கே ஜேம்ஸ் ஜொய்ஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கால்மேல் கால் போட்டு, கையில் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் அவரது சிலையை அமெரிக்கச் சிற்பி மில்ற்றன் ஹீபோல்ட் வடித்தார். முதலாம் உலகப்போர்க் காலத்தில் சூரிச்சில் தங்கியிருந்து ‘யுலிசிஸ்’ நாவலின் பெரும்பகுதியை எழுதியவர் ஜொய்ஸ். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியரிடம் வீழ்ந்த பிரான்சிலிருந்து குடும்பத்துடன் மீண்டும் இங்கு வர விரும்பியபோது சுவிஸ் அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். அவர் யூதராக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். பெருந்தொகைப் பிணை கேட்டார்கள். நண்பர்கள் ஓடித்திரிந்து அனுமதி பெற்றுக்கொடுத்தார்கள். 1940 டிசம்பரில் வந்து சேர்ந்தவர் 1941 ஜனவரி 13ஆம் திகதி காலமானார். முதலில் சாதாரண கல்லறையில் கிடந்தவருக்கு நகரசபை கௌரவக் கல்லறை வழங்கியது 1966இல்தான்.

அவருக்கு அருகே உறங்குபவர் எலியாஸ் கனெற்றி. பல்கேரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் வியன்னாவிலிருந்து தப்பி இலண்டனில் தஞ்சமடைந்து, 1981இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1994இல் சூரிச்சில் மறைந்தார். இதே குன்றின் இன்னொரு பக்கத்தில், றிகிபிளிக் என்ற இடத்துக்கு அருகே, ஜேர்மானிய நாடகாசிரியர் கியோர்க் பூஹ்னரின் கல்லறை இருக்கின்றது. அரசுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதித் தேடப்பட்டவர். தப்பி வந்து சூரிச் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றத் தொடங்கிய சில மாதங்களில், 1837இல், 23 வயதில் காய்ச்சலில் இறந்தார். அவரது எச்சங்கள் இந்தக் குன்றுக்கு மாற்றப்பட்டது 1875இல்.

ஆக, சூரிச்சின் செல்வந்தர் குன்றில் உலகம் தேடிவந்து மரியாதை செலுத்தும் மூவரும், வாழ்வில் ஒரு தடவையாவது நாடுவிட்டு ஓடியவர்கள். அகதி இறந்து, புகழ் பெற்ற பின்னர் அவரைச் சொந்தம் கொண்டாடுவது எந்த நகரத்துக்கும் எளிது. உயிரோடு வந்து கதவைத் தட்டும்போது எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் சோதனை இருக்கின்றது.

இதை நான் நன்றி மறந்து எழுதவில்லை. 1983க்குப் பின்னர் எம்மவர்கள் பல்லாயிரம் பேருக்கு அந்த நாடு இடம் கொடுத்தது. ஆனால் எளிதில் கொடுக்கவில்லை. என், எஃப், பி, சி என்று வதிவிட அட்டைகளின் எழுத்துகளால் அளக்கப்பட்டது எம்மவர் வாழ்க்கை. 1994இல் இலங்கை அரசுடன் திருப்பி அனுப்பும் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. 2013இல், திருப்பி அனுப்பப்பட்ட தமிழர் இருவர் இலங்கையில் கைது செய்யப்பட்ட பின்னரே நாடுகடத்தல்கள் இடைநிறுத்தப்பட்டன. அவர்களது விண்ணப்பங்களை ஆராய்ந்ததில் தவறுகள் நேர்ந்திருந்தன என்பதை மறுவருடம் வெளியான மதிப்பீடுகள் சுட்டிக்காட்டின. ஜொய்ஸின் விண்ணப்பத்தை மறுத்த அலுவலக மேசைக்கு எழுபது வருடங்களுக்குப் பின்னரும் பழைய பழக்கம் முற்றாக விட்டுப்போகவில்லை.

வீட்டுப் பிரச்சினையும் அத்தகையதே. 2024 யூன் மாதக் கணக்கெடுப்பில் சூரிச் நகரில் வெறுமையாக இருந்த வீடுகள் நூற்றுக்கு 0.07 வீதம் மாத்திரம். ஆயிரம் வீடுகளில் ஒன்றுகூட இல்லை. நகரத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். இலாப நோக்கற்ற வீடுகளை மூன்றிலொரு பங்காக உயர்த்தவேண்டும் என்று 2011இல் நகர மக்களே வாக்களித்தார்கள். 2050 வரை அதற்குத் தவணை இருக்கின்றது. அந்த வீடுகளில் சில இந்தப் பசுமைச் சரிவிலும் எழவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

எம்மவரிடமும் ஒன்று சொல்லவேண்டும். கோயில் கட்டினோம், தமிழ்ப் பாடசாலை நடத்தினோம். பெருமைதான். ஆனால் வேலை செய்த ஊரை வேலைக்காரரின் கண்ணால் மாத்திரம் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றுப் போவது என்ன நியாயம்? அங்கு பிறந்த பிள்ளைகளுக்கு வாக்குரிமை பெறும் வழி திறந்திருக்கின்றது. அந்தப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை இந்தக் குன்றுக்கு அழைத்து வரட்டும். அப்பா எந்தத் தரிப்பில் இறங்கினார், அம்மா எந்த வீட்டு யன்னலைத் துடைத்தார் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். அதுவும் சூரிச் நகரத்தின் வரலாறுதான். எழுதாவிட்டால் அது எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஜொய்ஸின் சிலைக்கு முன்னால் நான் அவரது கதையைச் சொல்லி முடித்தபோது அண்ணர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் கேட்டார்:

“கடைசியிலை இவருக்கு என்ன காட் குடுத்தவங்கள் தம்பி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் குனிந்து, சிலையின் பாதத்தில் ஒட்டியிருந்த ஈர இலைகளைக் கையால் தட்டிவிட்டார். பிறகு இருவரும் காட்டுப் பாதையால் நடந்தே கீழே இறங்கினோம்.