வாங்குகிறவரைக் கேளுங்கள்



"இலவச லேப்டாப் கொடுத்தா வித்துடுறானுங்க சார்" என்று நேற்று திருவதிகை கோயில் வாசலில் ஒருவர் சொன்னார். அங்கே பேசாமல் வந்துவிட்டேன். மனம் கேட்கவில்லை, இங்கே சொல்கிறேன்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் கொள்முதல் செய்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் வழங்கினார்கள். வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

என் மாணவன் ஒருவன் விற்றான், உண்மைதான். முந்திரி உடைக்கும் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைக்காரர் கொடுத்தது மூவாயிரம். மூடியிலிருந்த அரசு அடையாளத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு மடங்குக்கு விற்றார். பையனை ஊரே திட்டியது. கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

விற்றது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்க ஆளில்லாத பொருளை யார் விற்க முடியும்? பழைய லேப்டாப் வாங்கும் கடைகள் வரிசை எண்ணைச் சரிபார்த்தே வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கட்டும். பிள்ளைகளைக் கள்வர் என்பது அப்புறம்.

உங்களில் சிலர் கடை வைத்திருக்கிறீர்கள். அரசு அடையாளத்தோடு ஒரு பிள்ளை வந்து நின்றால் வாங்காதீர்கள். உட்கார வைத்து, என்ன கஷ்டம் என்று கேளுங்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள் ஆசிரியர்.