பெட்டியை விட்டுட்டு வாங்க!

குட்டீஸ், பாதி உடல் கார்பன் இழைக் கலவையால் ஆன விமானம் தீப்பிடித்தால் என்ன ஆகும்? 2013ல் 'ஏர்பஸ் ஏ350' முதன்முதலாகப் பறந்தபோது பலருக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. 2024 ஜனவரி 2ல் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் விடை கிடைத்தது.

நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின் மேல், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதியது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர், பாவம். ஏ350ல் இருந்த 379 பேரும் பிழைத்தனர்!

எட்டு கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. ஊழியர்கள் மெகாபோனிலும் குரலிலுமே வழிகாட்டினர். பயணிகள் பெட்டி, பைகளை விட்டுவிட்டுச் சறுக்கினர். கடைசி ஆள் இறங்கப் பல நிமிடங்கள் ஆயின. சோதனையில் 90 விநாடிக்குள் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்தால் இது மிக அதிகம்தான். ஆனால், விமானம் முழுக்க எரிந்துபோனது எல்லாரும் இறங்கிய பிறகே.